எம்.பி. விலகினால் இங்கு இடைத்தேர்தல் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பதவி விலகப் போகிறார் என்று கதை அடிபட்டாலே மட்டக்களப்பில் "இடைத்தேர்தல் எப்போது?" என்ற கேள்வியும் கிளம்பிவிடுகிறது. தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியதால் வரும் எண்ணம் இது. அங்கே விளவங்கோடு சட்டமன்ற உறுப்பினர் விஜயதரணி 2024 பெப்ரவரியில் விலகினார். ஏப்ரல் 19 இல் அத்தொகுதி மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். இங்கே இலங்கையில் 1989 முதல், கட்சிகள் பெறும் வாக்குகளுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசார முறையில் தேர்தல் நடப்பதால் அதற்கு இடமில்லை.

விலகுபவர் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்துக்குக் கடிதம் கொடுப்பார். செயலாளர் நாயகம் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க, ஆணைக்குழு மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரைப் பணிக்கும். அவர் அதே கட்சியின் பட்டியலில், தெரிவாகாதவர்களுள் கூடிய விருப்பு வாக்கு (கட்சிக்கு இடும் வாக்கோடு, வேட்பாளரின் இலக்கத்துக்குத் தனியாக இடுவது) பெற்றவரை அறிவிப்பார். 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 64 ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. 2004 இல் எங்கள் மாவட்ட உறுப்பினர் கிங்ஸ்லி இராசநாயகம் விலகியதும் பா. அரியநேத்திரன் பாராளுமன்றம் போனது இப்படித்தான். 2023 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தின் இன்னொரு உறுப்பினர் நஸீர் அஹமட்டை அவரது கட்சி நீக்கியது செல்லும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவர் ஆசனம் இழந்தபோதும், அலி ஸாஹிர் மௌலானா இதே வழியில்தான் வந்தார்.

ஆசனம் ஊருக்குரியதல்ல, பட்டியலுக்குரியது. மாவட்டத்தின் கல்குடாத் தொகுதிக்காரர் விட்ட இடத்துக்குப் பட்டிருப்புத் தொகுதிக்காரர் வரலாம்.

ஆகவே நாளைக்கு வரப்போகிறவரையும் இன்றைய வாக்குச்சீட்டிலேயே நாம் தீர்மானித்துவிடுகிறோம். எங்கள் மாவட்டத்துக்கு 5 ஆசனங்கள். ஒரு கட்சிப் பட்டியலில் 8 பேர். மூன்று விருப்பு வாக்கு இருந்தும் பலர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மற்ற இரண்டும் வீணாகப் போகின்றன. வேறு சிலர் நான்கு இலக்கங்களில் புள்ளடி இடுகிறார்கள். அப்போது கட்சிக்கான வாக்கு மட்டும் நிற்கும், விருப்பு வாக்கு ஒன்றுகூட எண்ணப்படாது. கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்துக்கு மட்டும் இட்டால் சீட்டே நிராகரிக்கப்படும். தெரிந்த வேட்பாளரின் இலக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகும் முதியவர்கள்தான் இதில் அகப்படுகிறார்கள். கட்சி முகவர்கள் வீடு வீடாக இலக்கத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, முதலில் சின்னம், பிறகு இலக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வரும்போது பெரும்பாலும் வென்றவர்களின் விருப்பு வாக்குகளே அச்சாகின்றன. ஆசனம் பெற்ற கட்சிகளின் எட்டுப் பேருடைய எண்ணிக்கையையும் போடுங்கள். யாராவது விலகும் செய்தி வந்தால், அடுத்த இடத்தில் இருப்பவர் யார், அவர் பெற்ற வாக்கு எவ்வளவு என்பதையும் அதே செய்தியில் சேருங்கள்.

இப்படிக்கு,
பட்டிருப்புத் தொகுதி வாக்காளர்கள்,
களுவாஞ்சிகுடி.