செயலாளரின் ஆண்டறிக்கை 2022–23

தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், நாற்காலி காலியாகக் கிடந்தும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழை கொட்டிய நவம்பரில் மட்டும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. வாசகசாலைக்கு ஓர் இரும்பு அலமாரி வாங்கினோம். ஓணத்துக்கு அத்தப்பூ, கிறிஸ்துமசுக்குக் குடில், பொங்கலுக்கு உறியடி, எல்லாம் குறைவின்றி நடந்தன. தெருவிளக்கு மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, கொரோனா பரிசோதனை செய்த லேப் ஊழியர்களுக்கு 2022 ஏப்ரலில் நாம் நடத்திய பாராட்டுக் கூட்டத்தைப் பற்றி.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் நின்று தட்டும் கரண்டியுமாக ஒலி எழுப்பினோம். அப்புறம் டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளர், காவலர் என்று தேடித்தேடி மாலை போட்டோம். அந்த இரண்டு வருட அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். லேப் டெக்னீஷியன் என்ற சொல்லே எதிலும் இல்லை. இரண்டையும் எழுதியவன் நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் என் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். சாம்பிள் கொடுத்து மூன்று நாளாகியும் முடிவு வரவில்லை. லேபுக்குப் போன் போட்டு, "தூங்குறீங்களா?" என்று கத்தினேன். மறுமுனையில் ஒரு பெண், "சார், ரன் ஃபெயிலாயிட்டு, திரும்பப் போட்டிருக்கோம்" என்றார். புரியாத கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அந்த ரன் என்றால் என்ன என்பது இந்தக் கூட்டத்தில்தான் விளங்கியது. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த குச்சி, வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் உள்ள சிறு குழாயில் குளிர்பெட்டிக்குள் வருகிறது. பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை நுழைத்துத்தான் அதைத் திறக்கிறார்கள். வைரஸின் ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாக மாற்றி, சுமார் 40 சுற்று பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகிறது. ஒரே தட்டில் பல சாம்பிள்களை வைத்து இப்படி ஒருமுறை செய்து முடிப்பதுதான் ஒரு ரன். கூடவே வைரஸே இல்லாத ஒரு குழாயையும் சோதனைக்கு வைப்பார்களாம். அது பாசிட்டிவ் காட்டிவிட்டால், எங்கோ கலந்துவிட்டது என்று பொருள். அந்தத் தட்டில் உள்ள அத்தனை சாம்பிளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கவச உடைக்குள் தண்ணீர் குடிக்கவும் முடியாது. சந்தேகமான முடிவை அனுப்பிவிடாமல் திரும்பவும் உட்கார்ந்தவரைப் பார்த்துத்தான் நான் தூங்குகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

தொடக்கத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டச் சாம்பிள்கள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குப் போயின. பிறகு நம் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலேயே பார்க்கத் தொடங்கினார்கள். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வர ஆர்டிபிசிஆர் (மேலே சொன்ன அதே சோதனை) சான்றோ இரண்டு தடுப்பூசிச் சான்றோ வேண்டும் என்றானபோது, களியக்காவிளை எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர்கள் எல்லோரும் லேப் வாசலில்தான் நின்றோம். அங்கும் உள்ளே இருந்தவர் முகம் நமக்குத் தெரியாது.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 உலக உயிர்மருத்துவ ஆய்வக அறிவியல் நாள் என்பதால் அன்றே வைக்கலாம் என்று நோட்டீஸ் வரை போய்விட்டோம். பிறகுதான் ஒரு மூத்த உறுப்பினர், "மக்களே, அன்னிக்குப் பெரிய வெள்ளியாக்கும்" என்றார். 17 ஈஸ்டர். ஆகவே 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அவசரத்தில் அடித்த ஃபிளெக்ஸில் வந்தவர்கள் எல்லோரையும் 'டாக்டர்' ஆக்கியிருந்தோம். வந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "எங்க வேலைக்கு ஒரு பேரு இருக்கு, அதையே போட்டிருக்கலாமே" என்றார். ஃபிளெக்ஸை இறக்கிவிட்டோம். தவறு முழுக்க என்னுடையது.

அரசு லேபிலிருந்தும் தக்கலை, மார்த்தாண்டம் தனியார் லேப்களிலிருந்தும் வந்திருந்தார்கள். குழாய் கழுவுகிற, கழிவைக் கட்டி அனுப்புகிற அக்காமாரையும் அழைத்தோம். தோவாளை மாலையும் முந்திரிக்கொத்துப் பொட்டலமும் கொடுத்தோம். சால்வை வேண்டாம் என்று செயற்குழுவில் நான் பிடிவாதம் பிடித்ததற்கு இன்றும் சிலருக்கு வருத்தம். யார் வீட்டில்தான் சால்வை இல்லை?

ஒருவர் மட்டும் போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்றார். 2020இல் அவர் எங்கே வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். இப்போதைய வீட்டுக்காரருக்கு அவர் வேலை தெரியாது. ஆகவே குழுப்படம் எதையும் நாம் வெளியிடவில்லை.

ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டதற்கு அவர்கள் இரண்டு கேட்டார்கள். சாம்பிள் படிவத்தில் போன் நம்பரைப் புரியும்படி எழுதச் சொல்லுங்கள் என்பது ஒன்று. ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தவர்களைத் தொடர வைக்க உங்கள் பங்குக்கு ஒரு மனு எழுதுங்கள் என்பது இன்னொன்று. மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. பதில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

பொருளாளர் இப்போது வரவு செலவு படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாயா குடிக்க எழுந்து போகாமல் கொஞ்சம் உட்காருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்