கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறோம்

அன்பின் மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் உவர்மலை ஏறி வர முடியவில்லை. அம்மாவின் கால்நோவு பரவாயில்லை. உன் மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்று கேட்டு அம்மா பத்திரகாளி கோயிலில் அர்ச்சனை செய்தா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் மகன் பாட்டுச் செய்கிறான் என்று போனில் சொன்னேன் அல்லவா? முன்னறையில் ஒரு பழைய லப்டொப்பை வைத்துக்கொண்டு இரவு முழுக்க இருப்பான். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாவைப் போனில் பதிந்து வந்திருக்கிறான். வலை கனக்கிறபோது எல்லோரும் சேர்ந்து ஒரு மூச்சு விடுவார்களே, அதை மட்டும் வெட்டியெடுத்துத் தாளமாக்கியிருக்கிறான். ஒரு சொல்கூடக் கிடையாது, மூச்சு மட்டுமே. முதல் தரம் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

அதைக் கேட்டுவிட்டுக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி மூன்று பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஒரே தரம் ஒரு தொகை. அதற்குப் பிறகு பாட்டும் அதிலுள்ள ஒலிகளும் அவர்களுக்கே சொந்தம், பெயரைக்கூட மாற்றலாமாம். அக்கா காசைப் பார்க்கிறாள். அவளில் பிழை சொல்ல ஏலாது, கூரை வேலை பாதியில் நிற்கிறது. பொடியன் என் முகத்தைப் பார்க்கிறான்.

அவனுக்கு நான் மைக் பாங்க்ஸின் கதையைச் சொன்னேன். கனடாவில் நீ இருக்கிற ஸ்காபரோவிலிருந்து நாலு மணித்தியாலம் கார் ஓடினால் போய்ச் சேரும் அமெரிக்க நகரமான டிட்ரொய்ட்டில் இருக்கிற மனிதர். 80களின் கடைசியில் ஜெஃப் மில்ஸும் அவரும் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற லேபிளை, அதாவது பாட்டு வெளியிடுகிற ஒரு சின்னக் கம்பனியை, தொடங்கினார்கள். கொஞ்சத்தில் ரொபர்ட் ஹூட்டும் சேர்ந்தார். அவர்கள் செய்தது டெக்னோ, இயந்திரத் தாளத்தில் ஓடும் ஒரு நடன இசை. அதை அதற்கு முன்னரே அந்த ஊர்க் கறுப்பினப் பொடியன்கள் உருவாக்கிவிட்டார்கள். ஹுவான் அட்கின்ஸ் 1985இலேயே மெட்ரோப்ளெக்ஸ் என்று சொந்த லேபிள் வைத்திருந்தார். ஆனால் மைக் பாங்க்ஸ் போல இறுக்கமாக நின்றவர் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை. படம் எடுக்க முகம் கொடுக்கமாட்டார், முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்வார். இசையைக் கேள், என் முகம் உனக்கு எதற்கு என்பது அவர் நிலைப்பாடு. 90களின் தொடக்கத்தில் ஜெஃப் மில்ஸ் நியூயோர்க் போய்விட்டார். இவர் ஊரை விடவில்லை. சப்மேர்ஜ் என்று ஒரு விநியோக நிறுவனத்தைக் கட்டி, ஊரிலுள்ள சின்னச் சின்ன லேபிள்களின் இசைத்தட்டுகளும் அந்த ஒரே வாசலால் உலகத்துக்குப் போக வழி செய்தார்.

அந்த நிறுவனத்தின் கட்டடம் கிராண்ட் புல்வார்ட் என்ற வீதியின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே வீதியின் மேற்குப் பக்கத்தில்தான் கறுப்பினப் பாடகர்களின் பாட்டுகளால் பெயர்பெற்ற மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பனி பிறந்த வீடு. மோட்டவுன் 1972இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. பெயரும் புகழும் வந்த பிறகு ஊரை விட்டுப்போன ஒரு கம்பனியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அவர்களுடைய பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாக விளங்குகிறது.

தட்டு வெட்டுவதற்குக்கூட அவர்கள் வெளியூர் போகவில்லை. ரொன் மேர்ஃபி என்பவர் பழைய இயந்திரம் ஒன்றை வைத்து வெட்டிக் கொடுத்தார். 1992இல் வந்த ஒரு தட்டில் அவரும் ஜெஃப் மில்ஸும் சேர்ந்து, ஊசி உள்ளே போகாமல் ஒரே வட்டத்திலேயே சுற்றுகிற தடங்களை வெட்டியிருக்கிறார்கள். சனிக் கிரகத்தின் வளையங்கள்தான் அந்தத் தட்டின் பொருள். கணக்கைப் பார்: நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்று 1.8 செக்கன். அதற்குள் நாலு அடி விழுந்தால் நிமிடத்துக்கு 133 அடி, டெக்னோவின் அளவான வேகம். நீ ஊசியைத் தூக்கும்வரை அது முடியாது.

தட்டில் பாட்டு முடிந்து, நடுவில் ஒட்டியிருக்கும் கடதாசிக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்குமே, அதில் செய்திகளைக் கீறி வைப்பார்கள். வாங்கினவன் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால்தான் தெரியும். இதை அறிந்ததும் எனக்கு, கசற்றில் பாட்டுப் பதிந்து கொடுத்த எங்கள் கடை, அந்த ரெக்கோடிங் பார் நினைவு வந்துவிட்டது. ஆட்கள் கடதாசியில் எழுதித் தந்த பாட்டெல்லாம் ஏற்றி முடிய, கசற்றின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். அதில் அவர்கள் கேட்காத பாட்டொன்றை நாங்களாகத் தெரிந்து போட்டுவிடுவோம். ஊரடங்கு நேரத்தில் கதவைப் பாதி இறக்கிவிட்டு, எந்தப் பாட்டு என்று நீயும் நானும் எவ்வளவு சண்டை பிடித்திருப்போம்! ஒரு கிழமைக்குப் பிறகு அந்த ஆள் திரும்பி வந்து “கடைசியில் வருகிறதே, அது யாருடைய பாட்டு?” என்று கேட்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் ஞாபகம்.

1999இல் அந்த லேபிளில் ரொலாண்டோ என்ற டீஜே செய்த ‘ஜாகுவார்’ உலகம் முழுக்க ஓடியது. சோனியின் ஜெர்மன் கிளை உரிமை கேட்டது, இவர்கள் கொடுக்கவில்லை. அவர்கள் கிட்டத்தட்ட அச்சொட்டாக வேறொரு பதிப்பைச் செய்துவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்து கடிதமாக எழுதித் தள்ள, அதைக் கைவிட வேண்டி வந்தது. ஒரு பக்கம் பெரிய கம்பனி, இன்னொரு பக்கம் தங்கள் பாட்டுத் தங்களிடமே இருக்கவேண்டும் என்று நின்ற ஒரு சின்னக் கூட்டம். இதைச் சொன்னபோது பொடியன் ஒப்பந்தத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டான்.

அக்காதான் வேறு விதமாக மாறினாள். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவர்கள் ட்ரெக்சியா என்ற இருவர். அதில் ஜேம்ஸ் ஸ்டின்சன் என்பவர் லொறி ஓட்டியவர், 2002இல் இறந்துபோனார். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் எறியப்பட்ட கர்ப்பிணித் தாய்மாரின் பிள்ளைகள் சாகாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சுவிடப் பழகி, கடலடியில் ஒரு நாடு அமைத்தார்கள் என்பது அவர்கள் இசைக்குப் பின்னாலுள்ள கதை. 2004க்குப் பிறகு அக்கா கடற்கரைப் பக்கம் போவதில்லை, உனக்குத் தெரியும். பொடியன் கதையைச் சொல்லிப் பாட்டைப் போட்டான். கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு, “தாயின் வயிற்றிலும் தண்ணிக்குள்ளதானே இருந்ததுகள்” என்றாள். பிறகு, “உன்ர பாட்டில மூச்சு விடுற ஆக்கள் ஆர்?” என்று கேட்டாள். அவன் ஒவ்வொருவராகச் சொன்னான். அதில் மூன்று பேர் அத்தானோடு வலை இழுத்தவர்கள். அதற்குப் பிறகு அவள் காசைப் பற்றிக் கதைக்கவில்லை.

கூரைக்கு நான் கொஞ்சம் போடுகிறேன், நீயும் முடிந்ததைப் பார். உன்னிடம் எனக்கு வேறொரு தேவை இருக்கிறது. வசதியான ஒரு சனிக்கிழமை டிட்ரொய்ட்டுக்குப் போய் வா. அந்தக் கட்டடத்தில் டெக்னோவுக்கென்று சின்னக் காட்சிச்சாலை ஒன்றும் வைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போ. எங்கள் பொடியனுக்கு ஒரு தட்டு வாங்கு. தபாலில் போடாதே, வரும்போது கையில் கொண்டு வா. ஆனால் கடைசி வளையத்தில் என்ன கீறியிருக்கிறது என்று பார்த்து இப்போதே எழுது.

கம்பனி கொடுத்த தவணை இந்த மாதக் கடைசி. அதற்கு முன் ஒரு தரம் அவனோடு கதை. இரவு பத்துக்குப் பிறகு எடு, அதுவரைக்கும் அவன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பான்.

உன் மச்சான்,
திருகோணமலை