ஜின்கோ மரத்தடிக்கு ஒரு பலகைப் பாதை வேண்டும், கை கொடுங்கள்

ஜின்கோ என்ற இந்தச் சீன மரத்தின் இலை மஞ்சளாகிவிட்டதா என்று கேட்டு இப்போதே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் இல்லை, ஓரங்களில் மட்டும் வெளுத்திருக்கிறது. பச்சையம் சிதையச் சிதைய, கோடை முழுக்க அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வரும். அப்புறம் ஒரு ராத்திரி நல்ல உறைபனி விழுந்தால் ஜின்கோ தன் இலைகளில் பெரும்பகுதியை ஒரே நாளில்கூடக் கொட்டிவிடும். அந்தச் சில நாட்களுக்காகத்தான் இத்தனை பேர் வயல்களைத் தாண்டி நடந்து வருகிறார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான், அதனால் வராதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

ஆனால் இந்த முறை வரும்போது உச்சியைப் பாருங்கள். சில கிளைகளின் நுனி இரண்டு வருடமாகத் துளிர்க்கவில்லை. மரத்தடி மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது, காரணம் நம் கால்கள்தான். பெரிய மரமென்றால் வேர் பாதாளம் வரை போயிருக்கும் என்று நினைக்கிறோம், உண்மையில் நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் சுமார் 60 சென்டிமீட்டருக்குள், கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அங்கே கூட்டம் கூட்டமாக மிதித்தால் மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் போகிற இடுக்குகள் மூடிக்கொள்கின்றன, மழை பெய்தாலும் தண்ணீர் இறங்காமல் மேலோடு ஓடிவிடுகிறது. இன்று மிதிப்பது கிளையில் தெரியப் பல வருடம் ஆகும் என்பதுதான் கொடுமை.

ஜின்கோ எதையும் தாங்கும், ஹிரோஷிமாவில் 1945 அணுகுண்டுக்குப் பிறகும் துளிர்த்ததே என்று சிலர் சொல்கிறார்கள். துளிர்த்தது உண்மைதான். ஆனால் அதே ஜப்பானில் காமகுரா நகரக் கோயிலின் பெரிய ஜின்கோ 2010 மார்ச்சில் ஒரு புயல்காற்றில் சாய்ந்தது, இன்று அங்கே அடிக்கட்டையும் புதுத் துளிர்களும்தான். இங்கிலாந்தில் மேஜர் ஓக் என்ற புகழ்பெற்ற பழைய மரத்தையோ மண் இறுகிப்போனதால் 1970-களில் வேலி போட்டு மூடினார்கள், தூர நின்றுதான் பார்க்க முடியும்.

எங்களுக்கு வேலி வேண்டாம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு பலகைப் பாதை போதும், சக்கர நாற்காலியும் போகிற அகலத்தில். கான்கிரீட் அடித்தளம் தோண்டினால் வேர் அறுபடும் என்பதால் மண்ணில் திருகி இறக்கும் இரும்புத் தூண்களைக் கேட்டிருக்கிறோம், வேர் தட்டுப்பட்டால் தூணைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். இறுகிய மண்ணைக் காற்றழுத்தக் கருவியால் தளர்த்தி, மேலே மரச்சில்லும் இலைமட்கும் பரப்ப வேண்டும். செலவில் பெரும்பங்கு தூண்களுக்குத்தான்.

முடிந்ததைக் கொடுங்கள். ஒரு பலகைக்கான தொகை, ஒரு தூணுக்கான தொகை, அதில் பாதி, எதுவானாலும் சரி. பொருளாளர் ரசீது தருவார், வரவு செலவு மாதாமாதம் மரத்தடி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், தொகை சேராமல் வேலை நின்றால் கொடுத்தவர்களுக்கே திரும்பி வரும். பணம் முடியாதவர்கள் மண் தளர்த்தும் நாட்களில் வாருங்கள், மட்கு சுமக்க ஆள் தேவை. அடுத்த இலையுதிர் காலத்துக்குள் பாதையை முடித்தாக வேண்டும்.

அதுவரை கயிறு கட்டியிருக்கிறோம், தயவுசெய்து வெளியே நின்று பாருங்கள். உதிர்ந்த இலைகளையும் அள்ளிப் போகாதீர்கள், மட்கு அதில்தான் ஆகிறது.