வரி நோட்டில் என் பெயரை எழுதுங்கள்: எங்கள் அம்மன் கோயில் கொடைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவர் பெரியப்பாவுக்கும், பொருளாளர் சித்தப்பாவுக்கும், வரி பிரிக்கிற அண்ணன்மாருக்கும், நம் வகையறாப் பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்றாவது. அக்கா, அண்ணன், நான், தங்கச்சி, தம்பி. முக்கூடல் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தால் எதிரில் வருகிறவர்கள், "நீ மூத்தவளா, இளையவளா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால், "ஓ, நடுவுல உள்ளவளா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். இந்த ஆவணிக் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கிற வரியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, 3,000 ரூபாய் என்று கூட்டத்தில் முடிவானதும் தம்பி அவன் வரியைக் கட்டினான். போன வருஷம் அவனுக்குக் கல்யாணமானதால் அவன் புதுத் தலைக்கட்டு, சரி. நானும் என் சம்பளத்திலிருந்து 3,000 ரூபாயை சித்தப்பாவுக்கு ஜிபேயில் அனுப்பி, என் பெயரையும் போட்டு, "கொடை வரி" என்று எழுதினேன். மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரி நோட்டின் படம் வந்தது. தம்பி பெயருக்கு நேரே வரி 3,000. அதற்குக் கீழே, அதே பெயரில், நன்கொடை 3,000. குரூப்பில் எல்லோரும் அவனுக்குக் கைகூப்பியிருந்தார்கள். பாவம், அவனுக்கே அது என்ன பணம் என்று தெரியவில்லை.

போன் போட்டுக் கேட்டேன். "ஏட்டி, யாரு பேர்ல இருந்தா என்ன, சாமிக்குத்தான போவுது" என்றார் சித்தப்பா. நீங்கள் கோபமாகச் சொல்லவில்லை சித்தப்பா, பிரியமாகத்தான் சொன்னீர்கள். ஆனால் யார் பெயரில் இருந்தாலும் ஒன்றுதான் என்றால், அது ஏன் என் பெயரில் இருக்கக் கூடாது? இதற்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

நான் சம்பாதித்தது வேறு பெயரில் ஏறுவது இது முதல் தடவை இல்லை. நம் ஊர்ப் பெண்களுக்குப் பீடியைப் பற்றி நான் விளக்க வேண்டாம், ஆனால் கமிட்டியில் இருக்கிற ஆண்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடிந்ததும் தகட்டை வைத்து அளவு பார்த்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். அப்புறம் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தூளைப் போட்டு, உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால்தான் ஆயிரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் உட்காருவேன். ஆள்காட்டி விரல் நுனி தேய்ந்து, பேனா பிடித்தால் எரியும். என் கணக்கு நோட்டைத் திறந்தால் புகையிலை வாடை அடிக்கும், பக்கத்தில் இருக்கிற பிள்ளை தள்ளி உட்காரும். நான் சுற்றிய கட்டுகள் எல்லாம் அக்காவின் பாஸ்புத்தகத்தில்தான் ஏறின. பீடிக் கடையில் அவள் பெயர்தான் இருந்தது. சின்னப் பிள்ளை பெயரில் பாஸ் கிடையாது, இருக்கவும் கூடாது, அது எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் அக்காவுக்கு நகை செய்தோம். அவள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிற பெண்ணையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. ஆனால் அதே வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுகிற தங்கச்சியின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வராது.

அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சலுகை புதிதாக வந்திருந்தது. அது ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். நான் டிப்ளமோ நர்சிங் படித்தேன். இன்று பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, சொந்தச் சம்பளம், தனி வாடகை வீடு, அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நம் வகையறாவில் யாருக்குச் சர்க்கரை ஏறினாலும், யாருக்கு நெஞ்சு வலித்தாலும், ராத்திரி எந்நேரமானாலும் போன் எனக்குத்தான் வரும். அப்போது மட்டும் எல்லோருக்கும் என் பெயர் சரியாக ஞாபகம் இருக்கிறது. ஆச்சி படுக்கையில் கிடந்தபோது அவளுக்குப் புண் வராமல் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டது நான். அவள் போன பிறகு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பேரன்கள் பெயர் வரிசையாக இருந்தது. பேத்திகளுக்கு இடம் போதவில்லை என்றார்கள். சுவர் முழுக்க இடம் கிடந்தது பெரியப்பா.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். வரி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு, அது நம் பழக்கம் என்கிறீர்கள். அப்படியானால் மும்பையில் கடை வைத்திருக்கிற, இன்னும் கல்யாணமாகாத நம் வகையறா அண்ணன் ஒருவர் பெயர் எப்படி நோட்டில் ஏறியது? அவர் தனியாகச் சம்பாதிக்கிறார், தனியாக இருக்கிறார், ஆசைப்பட்டுக் கட்டுகிறார் என்று நீங்களே முடிவு செய்து எழுதினீர்கள். நல்ல முடிவு. அந்த மூன்றும் எனக்கும் பொருந்தும். பெண் பிள்ளை நாளைக்கு வேறு கோயிலுக்குப் போகிறவள் என்று சொல்வீர்கள். நாளைக்குப் போனால் நாளைக்கு என் பெயரை அடித்துவிடுங்கள். இன்றைக்கு எனக்கு இந்த அம்மனை விட்டால் வேறு கோயில் இல்லை.

சிலர் இதைச் சொத்துக்கு அடிபோடுவதாகப் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்தது. சொத்தில் மகளுக்குப் பங்கு வேண்டுமென்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தாயிற்று, 2005இல் இந்தியா முழுக்க வந்தது. பங்கு கேட்க வேண்டுமென்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது, கோயில் நோட்டு வழியாக வர வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நான் கேட்பது பணம் வாங்குகிற உரிமை இல்லை. பணம் கொடுக்கிறேன், அதை என் பெயரில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாம் கொடை கொடுப்பது இசக்கியம்மனுக்கு. ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்திலிருந்து பிறந்த தெய்வம் என்று வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுகிறார்கள், நாம் கண் கலங்கிக் கேட்கிறோம். முளைப்பாரி போடுவதும், அதற்கு விரதம் இருப்பதும், பொங்கல் வைப்பதும் பெண்கள். வரி கட்டியவர்கள் பெயரை மைக்கில் வாசிக்கும்போது மட்டும் ஒரு பெண் பெயர் வருவதில்லை. நான் சிறு வயதிலிருந்து பந்தல் காலடியில் உட்கார்ந்து அந்த வாசிப்பைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வீடு பெயர் வரும், அப்பா பெயர் வரும்போது ஐந்து பேரும் நிமிர்ந்து உட்காருவோம். அப்பா போன பிறகு அந்த இடத்தில் அண்ணன் பெயர் வந்தது, இப்போது தம்பி பெயரும் வருகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். அவர்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கீழேயே கூடப் போடுங்கள்.

ஆகவே பெரியவர்களைப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி பெயரில் நன்கொடை என்று எழுதிய 3,000 ரூபாயை அடித்துவிட்டு, அதை என் பெயரில் வரி என்று எழுத வேண்டும். அவனிடம் பேசிவிட்டேன், அவனுக்குச் சம்மதம். ரசீதையும் மாற்றித் தர வேண்டும். கொடை முடிந்து படைப்புப் பங்கு பிரிக்கும்போது ஒரு பங்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். இதைக் கமிட்டி மட்டும் முடிவு செய்ய முடியாது என்றால், பந்தல் கால் நடுகிற கால்நாட்டுக்கு முன்பு கூட்டம் போட்டு என்னையும் கூப்பிடுங்கள். லீவு சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்ப்பவர்கள் என் முகத்துக்கு நேரே காரணத்தைச் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

நாலு பேர் படிக்கிற மடல் என்பதால் ஊர்ப் பெயரையும் உங்கள் பெயர்களையும் இதில் போடவில்லை, என் பெயரும் அதனால்தான் இல்லை. நோட்டில் எழுத வேண்டிய முழுப் பெயரை, அப்பாவின் இனிஷியலோடு, சித்தப்பாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
வரி கட்டியவள்