ரோல்பேக் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வேலைவாய்ப்பு இணைப்பில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் படிப்பு பற்றி வந்த கட்டுரையை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தார்கள். கருவிகளின் பெயர்கள் நிறைய இருந்தன; டேட்டாபேஸைத் தொடும் டெஸ்ட்டை எப்படி எழுதுவது என்று ஒரு வரிகூட இல்லை. நேர்காணலுக்கு வருகிறவர்கள் தடுமாறுவதும் அதே இடத்தில்தான்.

ஒரு டெஸ்ட் எழுதிவைத்த தகவல் அடுத்த டெஸ்ட்டைக் கெடுக்கக் கூடாது. அதற்காக, தொடங்கும்போதே பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக நடத்தும் ட்ரான்சாக்‌ஷனைத் திறந்து, முடிந்ததும் கமிட் செய்யாமல் (நிலையாகச் சேமிக்காமல்) ரோல்பேக் செய்துவிடுவோம், அதாவது எழுதிய தகவலைத் திரும்பப் பெற்றுவிடுவோம். ஸ்பிரிங், ஜாங்கோ, ரெயில்ஸ் என்ற நிரல் கட்டமைப்புகள் (ஃப்ரேம்வொர்க்) மூன்றிலும் இதற்கு வசதி உண்டு. ஒவ்வொரு தடவையும் டேபிள்களைக் காலி செய்வதைவிட இது வேகமானது. நானும் தினமும் இப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் பயிற்சி நிலையங்கள் பாடத்தை இத்துடன் முடித்துவிடுகின்றன. கமிட் நடந்தால் மட்டுமே தெரியவரும் தவறுகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான மென்பொருள் அது. ஒரே உறுப்பினர் எண் இரண்டு பேருக்குப் போகக் கூடாது என்று டேபிளிலேயே யுனிக் கட்டுப்பாடு உண்டு. புதிய உறுப்பினரைச் சேர்க்கும் நிரல், ஏற்கெனவே இருந்த எண்ணையே மறுபடி கொடுத்தது. டெஸ்ட்டோ தவறில்லை என்று பச்சை காட்டியது. காரணம், பதிவின் ஐடி, டேட்டாபேஸ் வரிசையாக எண் தரும் சீக்வன்ஸிலிருந்து வரும்போது, நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில் நிற்கும் ஹைபர்னேட், பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையை உடனே அனுப்புவதில்லை. ஃப்ளஷ் ஆகும்வரை, அதாவது தேங்கிய கட்டளைகள் டேட்டாபேஸுக்குத் தள்ளப்படும்வரை, பெரும்பாலும் கமிட் வரை, கையிலேயே வைத்திருக்கும். எங்கள் டெஸ்ட்டில் கமிட்டே கிடையாது. ஆகவே அந்த இன்சர்ட் டேட்டாபேஸுக்குப் போகவே இல்லை, கட்டுப்பாடு தடுக்க வாய்ப்பும் இல்லை. சரிபார்க்கும் வரிக்கு முன்னால் ஃப்ளஷ் என்று ஒரு வரி சேர்த்ததும் டெஸ்ட் சிவப்பாகிவிட்டது. ஸ்பிரிங்கின் சொந்த ஆவணமே இதைப் பற்றி எச்சரிக்கிறது. வகுப்பில் அந்தப் பக்கத்தை ஏன் திறப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஜாங்கோவிலும் இதே கதைதான். பணம் வரவானதும் எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையை, கமிட் ஆனபின் ஓடும் ஆன்-கமிட்டில் வைத்தால், சாதாரண டெஸ்ட்கேஸுக்குள் அது ஓடாது. 2021இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து அதைப் பிடித்து ஓட்டிப் பார்க்கத் தனி வசதி இருக்கிறது. தெரிந்தவர்கள் குறைவு. ஸ்பிரிங்கில் உண்மையான சர்வரை எழுப்பி எச்டிடிபி வழியாகச் சோதித்தாலோ, அது வேறு த்ரெட்டில் (தனி ஓட்டத்தில்) வேறு ட்ரான்சாக்‌ஷனாக ஓடும். டெஸ்ட்டின் ரோல்பேக் அதைத் தொடாது. மிச்சமான தகவலால் மறுநாள் வேறொரு டெஸ்ட் விழும்போது, சம்பந்தமில்லாத நிரலில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள் இவர்கள். பயிற்சி தருகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பெரும்பாலான டெஸ்ட்டுகள் ரோல்பேக்கிலேயே இருக்கட்டும். பணம், ரசீது, உறுப்பினர் பதிவு போன்ற முக்கியமான வழிகளுக்காவது நிஜமாகக் கமிட் செய்து, பிறகு துடைத்துவிடும் சில டெஸ்ட்டுகளை மாணவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். வாடிக்கையாளரிடம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடுகிறதென்றால் வகுப்பிலும் போஸ்ட்கிரஸையே வையுங்கள். அங்கே கட்டுப்பாட்டைக் கமிட் நேரம்வரை தள்ளிப்போட முடியும் என்பதையும், ரோல்பேக் செய்தாலும் சீக்வன்ஸ் எண் பின்னால் போகாது என்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

தங்கள் இணைப்பில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால், அடுத்த தொகுதி மாணவர்கள் சேருவதற்கு முன்பே பயிற்சி நிலையங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அவர்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரியும் வாசகி,
சரவணம்பட்டி, கோவை