கோரிக்கை மனு: அடுத்த பிளாக்கையாவது நம் ஊர் வீடு மாதிரி கட்டுங்கள்

பெறுநர்: உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்

பொருள்: சக்கர நாற்காலி நுழையும்படி வீடு வேண்டி, மறுபடியும்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் குடியிருப்பு தங்களுக்குத் தெரியாத இடமில்லை, சாவி கொடுத்த அன்று நேரில் வந்தீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. என் அம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நாற்காலியின் அகலம் 26 அங்குலம், கழிவறைக் கதவு 24. நாற்காலி வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து நாங்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும், உள்ளே தரை வேறு பள்ளம், அவர் வலது கையால் நிலையைப் பிடித்துப் பிடித்து அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் போய்விட்டது. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் தூக்க ஆளில்லை என்று அம்மா பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். புதுச்சேரி வெயிலில், ஐயா! டாக்டர் என்னைத் திட்டுகிறார்.

2. அடுத்த பிளாக்குக்கும் இதே வரைபடம்தான் என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் எளிதில் புழங்குவதற்கான விதிப்படி இல்லாத கட்டடத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 44 சொல்கிறது.

3. மாதிரிக்கு வெளிநாடு போக வேண்டாம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, 2008-ல் யுனெஸ்கோ விருது வாங்கிய வைசியாள் வீதி இருக்கிறது. அங்குள்ள பழைய வீடுகளில் தெருக்கதவைத் திறந்தால் கொல்லை வரை ஒரே நேர்வழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள், சமையல், படுக்கை எல்லாம் தரைத்தளத்திலேயே. மாடி ஏறாமலே ஒரு பாட்டி காலத்தை ஓட்டலாம், திண்ணைக்கு வந்தால் தெருவே பேச்சுத் துணை. குறையே இல்லை என்று சொல்லவில்லை: வாசலில் படி, குறுக்கே நிலைப்படி, கழிப்பறையோ கொல்லைக் கடைசியில். அதையெல்லாம் விடுங்கள், மற்றதை எடுங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் படியில்லாத தரைத்தள வீடுகள். வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால், 1:12 சரிவில் (ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம்) 18 அடி சாய்தளம் வேண்டும். அந்தப் பழைய தெருவில் அதற்கு இடமில்லை, சரி. ஆனால் எங்கள் பிளாக் பக்கவாட்டில் பைக் நிறுத்தும் இடமே அதைவிட நீளம்!

4. கதவு, ஐயா. கதவு! 900 மில்லிமீட்டர் அகலம் வையுங்கள். செங்கல் வைக்கும் முன் சொன்னால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

5. அதுவரை எங்களுக்குத் தரைத்தளத்தில் வீடு மாற்றிக் கொடுங்கள், கழிவறைக் கதவை அகலப்படுத்திக் கொடுங்கள்.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்பது நியாயம்தானே? தயவுசெய்து அந்த வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். கடிதம் போட நேரமில்லை என்றால் டேப்போடு ஓர் ஆளை அனுப்பி எங்கள் கதவை அளக்கச் சொல்லுங்கள், நான் லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
முதல் மாடியில் குடியிருப்பவர்,
புதுச்சேரி