அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு: அந்தக் கோடுகள் எப்படி வந்தன என்றும் எழுதுங்கள்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தளங்களிலும் அறிவியல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2024 மார்ச் 27 அன்று, நம் பால்வீதியின் மையத்தில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளையின் புதிய படம் வெளியானது உங்களுக்கு நினைவிருக்கும். ஆரஞ்சு வளையம், அதன்மேல் சுழித்து ஓடும் மெல்லிய கோடுகள். சுடச்சுடத் தமிழிலும் போட்டீர்கள். அதற்கு முதலில் நன்றி.

குறை படக்குறிப்பில்தான். ‘கருந்துளையைச் சுற்றியுள்ள காந்தப்புலக் கோடுகள்’ என்பதோடு முடித்துவிட்டீர்கள். படிக்கிறவர் அந்தக் கோடுகள் கேமராவிலேயே விழுந்தவை என்றுதான் நினைத்துக்கொள்வார். ஒரு தளத்தில் கோடுகளின் நுனியில் அம்புக்குறிகளைக்கூடச் சேர்த்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அளவீட்டால் சொல்லவே முடியாத ஒன்றைத்தான் அந்த அம்புக்குறி சொல்கிறது.

காந்தப்புலம் எந்தத் தொலைநோக்கிக்கும் நேரடியாகத் தெரியாது. வந்து சேர்வது ஒளி மட்டும்தான். அந்த ஒளியின் அதிர்வு எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். பிளஸ் டூ இயற்பியலில் தளவிளைவு என்று படித்தோமே, அதேதான். நீங்கள் வெளியிட்ட கருந்துளைப் படத்தின் கோடுகள் இந்த அதிர்வின் சாய்வைத்தான் காட்டுகின்றன. காந்தப்புலம் எப்படி இருக்கும் என்பது அதிலிருந்து, கருந்துளையின் ஈர்ப்பால் ஒளி வளைந்து வருவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டு ஊகிப்பது.

தூசியை வைத்து அளப்பது இன்னும் சுவாரசியம். விண்மீன் மண்டலங்களின் மையத்தில் மண்டிக்கிடக்கும் தூசித் துகள்கள் சீரான உருண்டைகள் அல்ல, ஒரு பக்கம் நீண்டவை. அவை சுழலும்போது, நீளவாக்கு காந்தப்புலத்துக்குக் குறுக்கே வரும்படி ஒழுங்குபட்டுவிடுகின்றன. அவை வெளியிடும் அகச்சிவப்பு ஒளியும் அந்த நீளவாக்கிலேயே அதிகம் அதிர்கிறது. ஆகவே அளந்த கோணத்தை 90 பாகை திருப்பினால் காந்தப்புலம் எந்த வாக்கில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். வடக்கு தெற்காகக் கிடக்கிறது என்று சொல்லலாம். வடக்கு நோக்கியா, தெற்கு நோக்கியா என்று கேட்டால் பதில் கிடையாது. அம்புக்குறி வேண்டாம் என்பது இதனால்தான்.

அப்புறம் அந்த ஓடும் கோடுகள். உண்மையில் கையில் இருப்பது ஆங்காங்கே அளந்த சின்னச் சின்னக் கோட்டுத் துண்டுகள். அவற்றை ஆற்று நீரோட்டம் போல இழைத்துக் காட்டுவது கணினி. 1993-இல் கப்ரல், லீடம் என்ற இருவர் கணினி வரைகலைக்காக வெளியிட்ட உத்தி இதற்கு அதிகம் பயன்படுகிறது. தாறுமாறான புள்ளிகளை அளந்த திசையில் இழுத்துத் தேய்ப்பதுதான் அதன் அடிப்படை. அதனால் கோடு நெருக்கமாக இருக்கும் இடத்தில் புலம் வலிமையானது என்று பொருளில்லை. பள்ளியில் இரும்புத் தூளைத் தூவிப் பார்த்த எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள். அவர்களை எச்சரிக்க உங்கள் படக்குறிப்பை விட்டால் வேறு வழியில்லை.

2019-இல் வந்த எம் 77 படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள சுருள் மண்டலம் அது. அந்த ஒரே படத்தில் ஹப்பிள் தொலைநோக்கியும் ஸ்லோன் வான ஆய்வும் தந்த கண்ணுக்குத் தெரியும் ஒளி, நியூஸ்டார் தந்த எக்ஸ் கதிர், மேலே சோஃபியா அளந்த காந்தப்புலக் கோடுகள் என எல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன. சோஃபியா என்பது போயிங் 747 விமானத்தின் பக்கவாட்டில் திறப்பு வைத்து, 2.7 மீட்டர் தொலைநோக்கியைப் பொருத்திப் பறக்கவிட்ட வானாய்வகம். காற்றிலுள்ள நீராவி தொலை அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் 12 கிலோமீட்டருக்கு மேலே போய் அளந்தார்கள். 2022 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு கதையையும் விட்டுவிட்டு ‘நாசா எடுத்த புகைப்படம்’ என்று போட எப்படித்தான் மனசு வருகிறதோ!

‘மையம்’ என்று எழுதும்போது அளவையும் சொல்லுங்கள். பால்வீதியின் கருந்துளை வளையம் புதன் கோளின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். சோஃபியாவின் ஃபயர்பிளேஸ் திட்டம் வரைந்த தூசி வரைபடமோ அதே மையத்தில் வானில் மூன்று முழுநிலா அகலத்துக்கு நீள்கிறது, நூற்றுக்கணக்கான ஒளியாண்டு. இரண்டுக்கும் ஒரே தலைப்பு பொருந்தாது.

அதோடு, ஒரே பகுதியை வேறு வேறு வழியில் அளந்தவர்களின் வரைபடங்கள் ஒத்துப்போவதும் இல்லை. 1984-இல் யூசெஃப்-சாதே, மாரிஸ், சான்ஸ் என்ற வானியலாளர்கள் மையத்துக்கு அருகே ரேடியோ அலையில் ஒளிரும் நீண்ட இழைகளைக் கண்டார்கள். 2022-இல் தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி அப்படிப்பட்ட இழைகள் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் இருப்பதைக் காட்டியது. அவற்றில் பெரியவை பலவும் பால்வீதியின் தட்டுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. தூசியைக் கேட்டாலோ, அடர்ந்த மேகங்கள் பலவற்றில் புலம் தட்டை ஒட்டிக் கிடக்கிறது என்கிறது. எனக்கு இந்த முரண்பாடுதான் பெரிய செய்தியாகப் படுகிறது. தமிழில் இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

வலிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோணத்தை அளப்பதால் மட்டும் வலிமை தெரியாது. கோணங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்த்து அதைக் கணிக்கும் முறை 1950-களில் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், இயற்பியலாளர் ஃபெர்மியுடன் சேர்ந்து 1953-இல் பால்வீதியில் நாம் இருக்கும் சுருள் கையின் புலத்தை சுமார் 7 மைக்ரோகாஸ் என்று கணித்தார் (காஸ் என்பது காந்தப்புல வலிமையின் அலகு, மைக்ரோகாஸ் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சிதறல் குறைவென்றால் புலம் வலிமையானது, கொந்தளிக்கும் வாயுவால் அதை அசைக்க முடியவில்லை என்பது தர்க்கம். இன்றும் தூசி வரைபடங்களில் அவர் பெயரால் வழங்கும் இந்த முறையைத்தான் பெரும்பாலும் கையாள்கிறார்கள். மைய இழைகளில் மில்லிகாஸ், அதாவது காஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்கிறார்கள். பூமியின் புலம் சுமார் அரை காஸ் என்பதால், ‘அதிபயங்கரக் காந்தம்’ என்று தலைப்பு வைக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

கேட்பது இரண்டு வரிதான். அடுத்த முறை இப்படிப் போட்டால் போதும்: ‘பின்னணி ஹப்பிள் படம். கோடுகள், தூசியின் அகச்சிவப்பு ஒளியிலிருந்து கணித்த காந்தப்புல வாக்கு. கணினியில் வரையப்பட்டவை, நெருக்கம் வலிமையைக் குறிக்காது.’ விவரமெல்லாம் மூலச் செய்திக்குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வாசகன்